பழைய அறிவியல் கதைக்குக் குரல் கொடுக்கும் முன் அதன் பிறந்த ஆண்டைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த அறிவியல் சிறுகதைகளை இப்போது பலர் ஒலி வடிவில் தேடிக் கேட்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மறந்துபோன கதைகளுக்கு மறுபடியும் காது கிடைத்திருப்பது மிகவும் மகிழ்ச்சியான செய்தி. ஆனால், "இவை எல்லாம் இலவசம், யார் வேண்டுமானாலும் தமிழாக்கி வாசித்து வெளியிடலாம்" என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. கேட்பதற்கு இலவசம் என்பது சரி. தமிழாக்கி வெளியிடுவது வேறு கணக்கு. அந்த ஒரு வரியை நம்பி நல்ல உள்ளம் கொண்ட இளைஞர்கள் பலர் சிக்கலில் மாட்டக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கதைகள் எப்படி இலவசம் ஆயின? 1963 வரை அமெரிக்காவில் வெளியான படைப்புக்கு முதல் 28 ஆண்டுகள் மட்டுமே பதிப்புரிமை. 28-ஆம் ஆண்டில் பதிப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்துப் புதுப்பித்தால்தான் அது தொடரும். 1964 முதல் 1977 வரை வெளியானவற்றுக்குப் புதுப்பிப்பு தானாகவே நடக்கும் என்று 1992-இல் சட்டம் வந்தது. அதற்கு முந்தியவை அவரவர் பாடு. தொகுப்பு நூல்களாக வந்து புகழ்பெற்ற எழுத்தாளர்களின் கதைகளைப் பதிப்பகங்கள் பார்த்துக்கொண்டன. மலிவான மரக்கூழ்த் தாளில் மாதா மாதம் வந்த பத்திரிகைகளில் ஒரு முறை அச்சாகி, பழுப்பேறி, பொடிந்துபோன கதைகளுக்கு விண்ணப்பம் போட யாரும் இல்லை. கவனிப்பாரற்றுப் போனதே அவற்றைக் காப்பாற்றியது. உரிமை தீர்ந்ததால்தான் இலவச மின்னூல் தளமான புராஜெக்ட் குட்டன்பெர்க் அவற்றைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது. அந்த எழுத்துப் படியை எடுத்துத்தான் இலவச ஒலிநூல் தளமான லிப்ரிவாக்ஸின் தன்னார்வலர்கள் வாசிக்கிறார்கள்.

ஆகவே ஒரு கதையை எடுத்தவுடன் அது எந்தப் பத்திரிகையில், எந்த மாதம், எந்த ஆண்டு வந்தது என்று பாருங்கள். குட்டன்பெர்க் படியின் தொடக்கத்திலேயே பெரும்பாலும் ஒரு குறிப்பு இருக்கும்: இன்ன பத்திரிகையின் இன்ன இதழிலிருந்து எடுக்கப்பட்டது, உரிமை புதுப்பிக்கப்பட்டதற்கான சான்று தேடியும் கிடைக்கவில்லை என்று. அதை அழித்துவிடாதீர்கள், அதுதான் கதையின் பிறப்புச் சான்றிதழ். பிறகு ஆண்டோடு 28-ஐக் கூட்டுங்கள். அமெரிக்க எழுத்தாளர் குர்ட் வானெகட்டின் '2 பி ஆர் 0 2 பி' 1962 ஜனவரி 'இஃப்' இதழில் வந்தது. 1962-உம் 28-உம் 1990. அந்த ஆண்டுப் பதிவுகளில்தான் தேட வேண்டும். 1950-க்குப் பின் வெளியான கதைகளின் புதுப்பிப்புகள் 1978-க்குப் பிந்தியவை என்பதால், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையப் பட்டியலிலேயே தேடலாம். அதற்கு முந்தியவற்றுக்கு அச்சிட்ட ஆண்டுப் பட்டியல்களின் படங்களைப் புரட்டியாக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புதுப்பிப்புத் தேடுதளத்தில் பெயர் இல்லை என்பதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அது புத்தகங்களுக்கானது, பத்திரிகைக் கதைகள் அதில் அகப்படா.

புனைபெயரிலும் பலர் இடறுகிறார்கள். ஆண்ட்ரே நார்ட்டனின் ஒரு புகழ்பெற்ற சிறுகதை 1953-இல் 'ஆண்ட்ரூ நார்த்' என்ற பெயரில் வந்தது. பத்திரிகையில் இருந்த பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி விவரம் தப்பிவிடும். புனைபெயர், முதல் வெளியீடு, மறுவெளியீடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்ற தகவல் தளம் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

இதுவரை சொன்னது அமெரிக்கக் கணக்கு. லிப்ரிவாக்ஸே, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறது. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70, மலேசியாவில் 50. வெளிநாட்டுப் படைப்புகளுக்கென்று இங்கே தனி அரசாணையும் இருக்கிறது; அதன் நுணுக்கங்களை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். வானெகட் 2007-இல் இறந்தவர். அமெரிக்காவில் புதுப்பிக்கவில்லை என்பதை மட்டும் நம்பி அவர் கதையை இங்கே தமிழாக்கி வெளியிட வேண்டாம். ஆங்கில ஒலிப்பதிவைக் கேளுங்கள், நண்பருக்கும் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். நம் கணக்கிலேயே 60 ஆண்டு கடந்த எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

அப்படி ஒருவர் அண்மையில்தான் நம் கைக்கு வந்திருக்கிறார். அமெரிக்க அறிவியல் கதை எழுத்தாளர் எச். பீம் பைப்பர் 1964 நவம்பரில் இறந்தார். 1965 தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு எண்ணினால் 2024 டிசம்பர் 31-உடன் முடிகிறது. 2025 ஜனவரி 1 முதல் அவர் வாழ்நாளில் வெளியிட்ட கதைகளை இந்தியாவில் யாரும் தமிழாக்கலாம். இந்தச் செய்தி தமிழ் வாசகர்களின் காதுக்கு எட்டவே இல்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம்.

அவருடைய 'ஆம்னிலிங்குவல்' 1957 பிப்ரவரி 'அஸ்டவுண்டிங்' இதழில் வந்த நெடுங்கதை. வாசிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த செவ்வாய் நாகரிகத்தின் இடிபாடுகளில் மார்த்தா டேன் என்ற தொல்லியலாளர் நூல்களைக் கண்டெடுக்கிறார். படிக்கத் தெரியவில்லை. தெரிந்த மொழியில் பக்கத்திலேயே எழுதிய இருமொழிக் கல்வெட்டு எதுவும் இல்லை, இருக்கவும் வழியில்லை. கடைசியில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் சுவரில் ஒரு அட்டவணை தென்படுகிறது. தனிமங்களின் அட்டவணை. ஹைட்ரஜனுக்கு எந்தக் கிரகத்திலும் ஒரே புரோட்டான்தான். ஆக, அந்தச் சுவரே இருமொழிக் கல்வெட்டு. சிந்துவெளி எழுத்து இன்னும் படிக்கப்படாமல் கிடக்கும் நாட்டில், அது பற்றி ஓயாமல் பேசும் மொழியில், இந்தக் கதை இதுவரை ஒலிக்காமல் இருக்கலாமா?

ஆனால் வாசிப்பவருக்கு இது சுலபமான கதை அல்ல. செவ்வாய் எழுத்துகளுக்கு மார்த்தாவே தோராயமாக ஒலி வைத்துக்கொள்கிறார், வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதற்காக. 'மாஸ்தர்னோர்வோத் டாடாவாஸ் சோர்ன்ஹுல்வா' என்ற பத்திரிகைத் தலைப்பு கதையில் திரும்பத் திரும்ப வரும். கண்ணால் படிப்பவர் அதை ஒரு படமாகப் பார்த்துக் கடந்துவிடுவார். காதால் கேட்பவருக்கு அந்த ஒலிதான் துப்பு. முதல் முறை ஒரு விதமாகவும் இருபது நிமிடம் கழித்து வேறு விதமாகவும் உச்சரித்தால் கதை அங்கேயே அறுந்துபோகும்.

தமிழில் இதற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம் எழுத்து வல்லினத்தின் அழுத்தத்தைக் காட்டாது. 'டேன்' என்று எழுதினால் முதல் எழுத்தை எப்படி ஒலிப்பது என்று தாளில் தெரியாது. 'கேட்' என்பது பெண்ணின் பெயரா, வாசல் கதவா? 'பாப்' என்பதை இரண்டு பேர் இரண்டு விதமாக வாசிப்பார்கள். ஆகவே ஒலிப்பதிவுக்கு முன் ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு அடையாளச் சொல் எழுதிக்கொள்ளுங்கள்: 'டேன், டம்ளரின் ட அல்ல, வண்டியின் டி போல' என்கிற மாதிரி. அந்தப் பட்டியலை வாயால் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இந்தக் கதையில் அமெரிக்கப் பெயர், ஜப்பானியப் பெயர், துருக்கி-ஜெர்மன் கலந்த பெயர் மூன்றும் வருகின்றன. இரண்டு நாள் இடைவெளி விட்டு மீண்டும் உட்கார்ந்தால் எதை எப்படிச் சொன்னோம் என்பது நிச்சயம் மறந்துவிடும்.

இப்போது சில சேனல்களில் இயந்திரக் குரலில் இந்தக் கதைகள் கொட்டப்படுகின்றன. குரல் இயந்திரமா மனிதரா என்பதைவிட, கொடுக்கப்படும் எழுத்துப் படி திருத்தப்பட்டதா என்பதே என் முதல் கேள்வி. பத்திரிகைப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒட்டி 'எம்' ஆகிவிடும். பத்தியின் ஓரத்தில் உடைந்த சொல் இரண்டு துண்டாகவே நிற்கும். "தொடர்ச்சி 94-ஆம் பக்கம்" என்ற வரி ஒரு கொலைக்கு நடுவே நுழையும். கதைக்கு மேலே ஆசிரியர் குழு எழுதும் இரண்டு வரி முன்னோட்டம் முடிவைப் பாதி சொல்லிவிடும். அதை வாசிக்காமல் விடுவது நல்லது. எல்லாவற்றையும்விட மோசம், காட்சி மாறும் இடத்தில் அச்சில் விட்டிருந்த வெற்றிடம் காணாமல் போவது. நிலவில் நின்றவன் அடுத்த வாக்கியத்தில் சிகாகோவில் இருப்பான். கேட்பவர் திரும்பத் திரும்பப் பின்னால் ஓட்டிப் பார்ப்பார். காட்சி மாறும்போது இரண்டரை, மூன்று வினாடி மௌனம் விடுங்கள். பத்தி மாறும்போது ஒரு வினாடி போதும்.

சாய்வெழுத்தும் அப்படித்தான். மனத்தோடு மனம் பேசும் கதைகள் அந்தக் காலத்தில் ஏராளம்; பேச்சு மேற்கோள் குறிக்குள்ளும் எண்ணம் சாய்வெழுத்திலும் இருக்கும். வெற்று எழுத்துப் படியில் சாய்வெழுத்தின் இரு பக்கமும் அடிக்கோடு மட்டும் நிற்கும். இயந்திரம் அதை விழுங்கிவிடும் அல்லது "அண்டர்ஸ்கோர்" என்று வாசிக்கும். மனிதக் குரல் இங்கே என்ன செய்ய வேண்டும்? எதிரொலி போடாதீர்கள். மைக்குக்குச் சற்று நெருங்கி, குரலைத் தாழ்த்தி வாசித்தால் போதும், அது எண்ணம் என்று யாருக்கும் புரியும்.

பதிவு செய்வதற்கு ஸ்டுடியோ வேண்டாம். சேலைகள் தொங்கும் பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் உட்காருங்கள். முதுகுப் பக்கச் சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். காலி அறையில் வரும் 'கிணற்றுக் குரல்' பெருமளவு போய்விடும். அதைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது என்பதால் இங்கே சோம்பல் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள், லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரெதிரே இல்லாமல் கன்னத்தின் பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்கட்டும். 'ப', 'ஃப' வரும்போது காற்று நேராக அடித்து 'டப்' என்று வெடிக்காது. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கியதும் பத்து வினாடி பேசாமல் இருங்கள். அந்த மௌனம்தான் பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க மாதிரி. குறைப்பு 12 டெசிபலைத் தாண்டினால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் ஆகிவிடும்; கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை, குரல் கெடக் கூடாது. தடுமாறினால் பதிவை நிறுத்தாதீர்கள். ஒரு முறை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அலைவரைபடத்தில் அந்தத் தட்டு குச்சி போல நிற்கும், வெட்ட வேண்டிய இடம் கண்ணில் படும். வாக்கியத்தின் நடுவிலிருந்து ஒட்டினால் சுருதி மாறி ஒட்டு தெரியும். கடைசியில் 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ, 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3, இது லிப்ரிவாக்ஸ் கேட்கும் அளவு. அரை மணி நேரக் கதை 29 எம்.பி.க்குள் அடங்கும். பிறகு வேறொருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்க வேண்டும். வாசித்தவரே கேட்டால் விட்டுப்போன வரி காதில் விழாது. மனம் அதை நிரப்பிக்கொள்ளும்.

தமிழாக்கத்தில் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் நீளமான பேச்சுக்குப் பின் 'என்றாள்' வரும். தாளில் அது சிக்கல் இல்லை. காதுக்கு, பேசுவது யார் என்று முதலிலேயே தெரிய வேண்டும். "மார்த்தா சொன்னாள்" என்று தொடங்கிவிட்டுப் பேச்சை விடுங்கள். கதை சொல்வது எழுத்துத் தமிழிலும் உரையாடல் ஊர் அடையாளம் இல்லாத பேச்சுத் தமிழிலும் இருந்தால் குரலை மாற்றி நடிக்காமலே ஆள் மாறுவது புரியும். ஆறு பாத்திரத்துக்கு ஆறு குரல் போடும் முயற்சி பத்து நிமிடத்தில் களைத்துவிடும். என் கருத்தில் வாசிப்பு வேறு, நாடகம் வேறு. நாடகம் வேண்டுமென்றால் என்.பி.சி. வானொலியின் 'டைமென்ஷன் எக்ஸ்', 1950-51; அதன் பின் 1955 முதல் 1958 வரை வந்த 'எக்ஸ் மைனஸ் ஒன்'. பின்னது பெரும்பாலும் 'கேலக்ஸி' பத்திரிகைக் கதைகளை எடுத்து நாடகமாக்கியது. நன்றாகவே இருக்கும். ஆனால் அரை மணிக்குள் அடக்கச் சுருக்கப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள். நாடகம் கேட்டுவிட்டுக் கதையைப் படித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

காதால் கேட்டால்தான் திறக்கும் கதைகளும் உண்டு. மேலே சொன்ன '2 பி ஆர் 0 2 பி' கதையில் அது ஒரு தொலைபேசி எண். நடுவில் உள்ள பூஜ்யத்தை 'நாட்' என்று வாசித்தால் ஹாம்லெட்டின் "இருப்பதா, இறப்பதா" காதில் விழும். கண்ணுக்கு அது வெறும் எண்ணும் எழுத்தும். இதற்கு நேர்மாறாக, பிலிப் கே. டிக் 1953-இல் எழுதிய ஒரு குறுங்கதையில், நாவலில் வரும் மரபுத்தொடர்களை அப்படியே நம்பி, மனிதர்களிடையே வேற்றுக்கிரகவாசிகள் நடமாடுகிறார்கள் என்று ஒருவன் நடுங்குகிறான். அறை முழுவதும் கண்கள் உலவின என்று படித்தால், கண்கள் கழன்று போய் உலவியதாக. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் அது செத்துவிடும். காது கொடுத்தான், மனத்தைப் பறிகொடுத்தாள், தலையைக் கொடுத்துக் காப்பாற்றினான் என்று நம்மிடமே எவ்வளவு இருக்கிறது! ஆனால் டிக் இறந்தது 1982. நம் 60 ஆண்டுக் கணக்கில் 2042 முடிய வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டான்லி வைன்பாம் 1935-இலேயே இறந்துவிட்டார். 1934-இல் அவர் எழுதிய செவ்வாய்ப் பயணக் கதை முழுவதும் ஒரு பயணி தன் சகாக்களுக்கு வாயால் சொல்வது போலவே அமைந்தது, வாசிப்புக்கென்றே செய்தது மாதிரி. ஜகதீஷ் சந்திர போஸ் 1896-இல் வங்காளத்தில் எழுதிய, ஒரு புட்டி கூந்தல் தைலம் புயலை அடக்கும் கதையும் இருக்கிறது.

முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது ரொக்கேயா சகாவத் ஹுசேனின் 'சுல்தானாவின் கனவு'. சுமார் அரை மணி நேரம். ஆண்கள் திரைக்குள் இருக்க, பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல். மேகத்துக்கு மேல் மிதக்கும் பலூனிலிருந்து குழாயில் தண்ணீர். படையெடுத்து வந்தவர்களை வெயிலைக் குவித்தே விரட்டுகிறார்கள். எழுதியவர் 1932-இல் இறந்தார், உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்தக் கதை முதலில் அச்சானது கல்கத்தாவிலோ லண்டனிலோ அல்ல, நம் சென்னையில்.

யாராவது இதைத் தமிழில் பதிவு செய்தால், கதைக்கு முன் பதினைந்து வினாடி இப்படிச் சொல்லட்டும்: "சுல்தானாவின் கனவு. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசேன். 1905-இல் சென்னை 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் முதலில் வெளிவந்தது. தமிழாக்கம் இன்னார், வாசிப்பது இன்னார்." உங்கள் இணைப்பிலும் ஒலிக்கதைகளை அறிமுகம் செய்யும்போது இணைப்பு முகவரியோடு எழுத்தாளர் பெயர், பத்திரிகை, ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரிதான் கூடும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி